பாதிப்பேருக்கு பி.பி. கட்டுப்பாட்டில் என்பதும் சரி, பத்தில் ஒருவருக்கு என்பதும் சரி

கேள்வி இது: "அரசுத் திட்டங்களைப் பற்றிய செய்திகளில், சிகிச்சை எடுப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். ஆய்வுச் செய்திகளிலோ இந்தியாவில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது என்று வருகிறது. எதை நம்புவது? மாத்திரை இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் ஏன் இந்த நிலை?"

இரண்டையும் நம்பலாம். யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது புரிந்தால், எங்கே முன்னேறியிருக்கிறோம், எங்கே நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பதும் விளங்கிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

'பாதிப்பேர்' என்ற எண் வருவது, இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து. மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), மாநில அரசுகள், உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து 2017 நவம்பரில் தொடங்கியது. பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் சில மாவட்டங்களை எடுத்துக்கொண்டு ஆரம்பித்து, பிறகு மற்ற மாநிலங்களுக்குப் பரப்பினார்கள். 2022-இல் ஐ.நா. விருது கூடக் கிடைத்தது. இதில் எண்ணப்படுபவர் யார்? ஆஸ்பத்திரிக்கு வந்து, பி.பி. பார்த்து, பெயரைப் பதிந்து, மாத்திரை வாங்கத் தொடங்கியவர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், 'கட்டுக்குள்' என்பதற்கு எல்லையான 140/90-க்குக் கீழே வந்தார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன் பெரும்பாலான இடங்களில் இப்படி ஒரு கணக்கே கிடையாது. ஓ.பி. சீட்டை நோயாளி கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். அடுத்த மாதம் அவர் வந்தால் உண்டு, வராவிட்டால் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, செல்போன் செயலியில் ஒரு பதிவு. தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியல் நர்ஸ் கண்ணில் படும், அவர் போன் போட்டுக் கேட்பார். வராதவர் யார் என்று தெரிவதே ஒரு சிகிச்சை என்பதை நம் ஆஸ்பத்திரிகள் காசநோய்த் திட்டத்தில் எப்போதோ கற்றிருந்தன. பி.பி.-க்கு வர இத்தனை வருடம் ஆனது.

'பத்தில் ஒருவர்' என்ற எண் வீடு வீடாகப் போய் எடுக்கிற கணக்கெடுப்பிலிருந்து வருவது. அதில் மாத்திரை போடுபவரும் உண்டு, போட்டு நிறுத்தியவரும் உண்டு, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கையில் பட்டை கட்டிப் பார்க்காதவரும் உண்டு. இந்தியப் பெரியவர்களில் குறைந்தது நாலில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம், அவர்களில் கட்டுக்குள் இருப்பவர்கள் சுமார் 12 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மொத்தம் சுமார் 22 கோடிப் பேர். 2025 மார்ச் வாக்கில் அரசு ஏற்பாட்டில் சிகிச்சை பெற்றுவந்தவர்கள் 4.2 கோடி. மீதிப்பேர் ஒன்று தனியார் டாக்டரிடம் பார்க்கிறார்கள், அல்லது எங்கேயும் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டுக் கதை இதைவிடச் சுவாரசியமானது. 2020-இல் மாநிலம் முழுக்க எடுத்த 'ஸ்டெப்ஸ்' என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம். அரசு மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய மாநிலம் இது. இலவச மாத்திரைக்கு இங்கே எப்போதும் பெரிய பஞ்சம் இருந்ததில்லை. இங்கேயே 7.3 என்றால், மாத்திரை கிடைப்பது வேறு, அழுத்தம் இறங்குவது வேறு என்றுதானே அர்த்தம்?

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீடு தேடிப் போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன் பிறகு எடுத்த இரண்டாவது கணக்கெடுப்பில் 7.3 என்பது 17 ஆனது. சர்க்கரையிலும் 10.8-இலிருந்து 16.7. பி.பி.யில் மூன்று நான்கு வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் என்பது பொதுச் சுகாதாரத்தில் நல்ல வேகம். அதே சமயம், நூற்றில் 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்பதும் அதே எண்தான்.

இந்தத் திட்டத்தின் பலம் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது என்பதால் காலையிலேயே வந்துவிடுவார்கள். திண்ணையில் உட்கார வைத்து டிஜிட்டல் மெஷினில் பி.பி. பார்த்துவிட்டு, போன மாத மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லுவார்கள். "என்ன பெரியம்மா, பாதி மாத்திரை அப்படியே இருக்கு?" என்று கேட்டால் உண்மை வரும்: "கால் வீங்குதுடி, அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்." இதே பெரியம்மா டாக்டரிடம் "தவறாம போடறேங்க ஐயா" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் போடும் பி.பி. மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் கொடுக்கும். டோஸைக் குறைத்து, டெல்மிசார்டன் போல இன்னொரு மருந்தைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதைத் தன்னார்வலர் செய்ய முடியாது, டாக்டர்தான் செய்ய வேண்டும். மாத்திரை வீடு தேடி வருவதால் பெரியம்மாவோ டாக்டரிடம் போவதில்லை! திட்டத்தில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இதுதான். கொண்டுபோய்க் கொடுப்பது நன்றாக நடக்கிறது, மருந்தை மாற்றுவதும் கூட்டுவதும் அந்த அளவுக்கு நடக்கவில்லை.

மருந்தைக் கூட்டுவது என்ற இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பி.பி. கட்டுப்படாததற்கு நோயாளியைக் குற்றம் சொல்வது எங்கள் தொழிலில் பழகிப்போன விஷயம். "சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க" என்போம். என் அனுபவத்தில் பாதிப் பழி டாக்டர்கள் மேல் விழ வேண்டியது. ஓ.பி.யில் நடப்பதைப் பாருங்கள். என்.சி.டி. (தொற்றாநோய்ப் பிரிவு) நர்ஸ் 152/94 என்று சீட்டில் எழுதி அனுப்புகிறார். வெளியே நீண்ட வரிசை. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைங்க, நடங்க, இதே மாத்திரையை ஒரு மாசம் போடுங்க" என்கிறார். அடுத்த மாதம் 150/92. அதே வசனம். இப்படியே வருடக் கணக்கில் ஓடும். ஒரே ஒரு அளவை வைத்து மருந்தைக் கூட்டத் தயக்கம், வயதானவர் மயங்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம், "வயசுக்கு இது சரிதான்" என்ற பழைய நினைப்பு, எல்லாம் சேர்ந்து கையைக் கட்டிவிடும். ஆனால் 2002-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, பத்து லட்சம் பேரின் தரவுகளை வைத்துச் சொன்னது என்ன? 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு, பி.பி.யின் மேல் அளவு (152/94-இல் 152) 20 புள்ளி கூடினால் பக்கவாதத்தாலோ மாரடைப்பாலோ சாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 132-க்கும் 152-க்கும் உள்ள தூரம் அதுதான்.

மேலே சொன்ன தேசியத் திட்டம் இதற்கு எடுத்த வழி எனக்குப் பிடிக்கும். டாக்டர் யோசித்து முடிவெடுக்கட்டும் என்று விடாமல், ஒரே தாளில் படிப்படியாக எழுதி ஒட்டிவிட்டார்கள். முதலில் பெரும்பாலும் அம்லோடிபின் 5 மி.கி.; ஒரு மாதம் கழித்தும் 140/90-க்கு மேல் இருந்தால் டெல்மிசார்டன்; அப்புறம் டோஸைக் கூட்டு; அப்புறம் சிறுநீரைப் பெருக்கும் குளோர்தாலிடோன். மாநிலத்துக்கு மாநிலம் வரிசை கொஞ்சம் மாறும். இருபது வகை மாத்திரைக்குப் பதிலாக மூன்றே மூன்று என்பதால் வாங்குவதும் இருப்பு வைப்பதும் எளிது. "சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறதே" என்று சில மூத்த டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். இருக்கட்டுமே. ருசி மாறாமல் வருகிறதே!

மருந்தைப் பொறுத்தவரை உலகம் எப்போதோ ஜெயித்துவிட்டது. 1945-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது, அவருடைய டாக்டர்களிடம் உப்பில்லாச் சாப்பாடு, ஓய்வு, தூக்க மருந்து இவற்றைத் தாண்டி அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான எதுவும் இல்லை. 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அழுத்தத்தைக் குறைக்கும் நம் சர்ப்பகந்தா வேரைப் பற்றி பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைதான் மேலைநாட்டு மருத்துவர்களை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. 1950-களின் கடைசியில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, 60-களில் பீட்டா பிளாக்கர், 80-களில் கேப்டோபிரில் என்று வரிசையாக வந்தன. இன்று ராஷ்டிரபதி பவனில் இருப்பவருக்கும் ராமநாதபுரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்பவருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாத்திரைதான்.

இன்னும் மிச்சம் இருப்பது அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் விதம். ஒரு மருந்தின் டோஸை இரண்டு மடங்காக்குவதைவிட, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பது சுமார் ஐந்து மடங்கு பலன் தரும் என்று 2009-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். இலங்கையில் 700 நோயாளிகளை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இன்னும் ஒரு படி போனது. டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் குறைந்த டோஸில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 55. இந்தியாவில் சுமார் 2,000 பேரை வைத்து நடந்து 2024-இல் வந்த ஆய்விலும், இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையில் 70 சதவீதம் பேர் 140/90-க்குக் கீழே வந்தார்கள். மூன்று விதமாகச் சேர்த்துப் பார்த்தும் பலன் ஒன்றுபோலவே இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. காலையில் ஒரே ஒரு மாத்திரை என்றால் போடுபவர்கள் அதிகம், மறப்பவர்கள் குறைவு. அரசு மருந்தகங்களில் இது சாதாரணமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நிறுத்திவிடுபவர்கள் விஷயம் தனி. "தலைசுத்தல் இல்ல, மயக்கம் இல்ல, அதான் நிறுத்திட்டேங்க" என்பதை வாரம் தவறாமல் கேட்டிருக்கிறேன். அழுத்தம் கூடினால் தெரியும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. "ரொம்ப நாள் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்" என்பது இன்னொன்று. உண்மை நேர் எதிர்: கட்டுப்படாத அழுத்தம்தான் கிட்னியைக் கெடுக்கும். கிட்னிக்குக் கெடுதல் செய்யும் மாத்திரை வேறு ஒன்று அதே வீட்டில் இருக்கும், அதைப் பற்றி யாரும் பயப்பட மாட்டார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகையறா. அது கிட்னியையும் படுத்தும், பி.பி.யையும் ஏற்றும். மூன்று மருந்து கொடுத்தும் இறங்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது, "முட்டிவலிக்கு என்னம்மா போடறீங்க?" என்பதுதான்.

உப்பில் நாம் அநேகமாக ஒன்றுமே செய்யவில்லை. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது பரிந்துரை; இந்தியர்கள் சாப்பிடுவது 8 முதல் 11 கிராம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டன் 2000-களில் ரொட்டி, சூப் கம்பெனிகளோடு பேசிப் படிப்படியாக உப்பைக் குறைத்து நாட்டின் சராசரியையே இறக்கியது. அது அங்கே சரி, ஏனென்றால் அவர்கள் உப்பில் பெரும்பங்கு பாக்கெட் உணவிலிருந்து வருகிறது. நமக்கு இன்னும் பெரும்பங்கு வீட்டு அடுப்பிலிருந்தும், ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாட்டிலிருந்தும் வருகிறது. எந்தக் கம்பெனியோடு பேசுவது? இதற்குச் சீனாவில் ஒரு பதில் கிடைத்தது. 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து, பாதிக் கிராமங்களுக்குச் சாதா உப்புக்குப் பதில், கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சமையலை மாற்றவில்லை, உப்பு டப்பாவை மட்டும் மாற்றினார்கள். இங்கே என்ன நிலை? சென்னையில் ஐ.சி.எம்.ஆர்.-இன் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 300 கடைகளில் விசாரித்தபோது, 28 சதவீதக் கடைகளில்தான் இந்த உப்பு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பாதியில் கிடைக்கிறது, தெருமுனை மளிகைக் கடைகளில் 4 சதவீதத்தில்தான். விலையும் இரண்டு மடங்கு. ரேஷன் கடையில் கொடுக்கலாமே என்று தோன்றும், கொடுக்கலாம்தான். ஆனால் கிட்னி பழுதானவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

அளக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தப்பினால் மேலே உள்ள எல்லா எண்ணும் ஆட்டம் காணும். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்து, சட்டைக் கையைச் சுருட்டி, பேசிக்கொண்டே பார்த்தால் வருவது அவருடைய பி.பி. இல்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் இருக்க வேண்டும். கையை மடியில் வைத்துப் பார்த்தாலே மேல் அளவு சுமார் 4 புள்ளி கூடுதலாகக் காட்டும், தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேல் என்று 2024-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு காட்டியது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இன்னும் மோசம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம்? வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவ அமைப்பு பி.பி. கட்டுப்பாட்டில் 2001-இல் 44 சதவீதத்தில் இருந்தது. 2009-இல் 80-ஐத் தாண்டியது. அவர்கள் செய்ததில் அதிசயம் எதுவும் இல்லை. நோயாளிகளின் பதிவேடு, ஒரே சிகிச்சை முறை, கூட்டு மாத்திரை, டாக்டர் இல்லாமலே உதவியாளர் பி.பி. பார்க்கும் இலவச வருகை. இவற்றில் பெரும்பாலானவை நம் திட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் உள்ளவைதான். ஆனால் இது ஒருமுறை ஏறிவிட்டால் அங்கேயே நிற்கும் சமாச்சாரமும் இல்லை. அதே அமெரிக்காவில் நாடு தழுவிய கட்டுப்பாடு 2013-14-இல் 54 சதவீதம் இருந்தது, 2017-18-இல் 44-க்கு இறங்கிவிட்டது. அதுவும் கொரோனாவுக்கு முன்பே.

நம்மிடம் இன்னும் கைபடாத இடம் வேலைக்குப் போகும் ஆண்கள். ஓ.பி. நடக்கும் நேரத்தில் அவர்கள் ஷிஃப்டில் இருப்பார்கள், தன்னார்வலர் வரும்போது வீட்டில் இருக்க மாட்டார்கள். முப்பத்தைந்து வயதில் ஏறத் தொடங்கி, ஐம்பதில் ஒருபக்கம் கை கால் விழுந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும்போதுதான் முதல்முறையாக அளப்பது என்பது அவர்களிடம்தான் அதிகம். 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' இவர்களைத்தான் குறி வைக்கிறது. தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதிக்கிறார்கள். கண்டுபிடிப்பது இதனால் கூடும். ஒப்பந்தத் தொழிலாளி ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டால் அவருடைய பதிவும் கூடவே போகிறதா, மாதா மாதம் மாத்திரையை யார் கொடுப்பது, மேல் அளவு 150 இருந்தால் மருந்தை யார் கூட்டுவது என்பதற்கெல்லாம் அங்கேயும் ஏற்பாடு வேண்டும்.